ஆப்பிள் விதையை நடலாம், அதே ஆப்பிளை எதிர்பார்க்கக் கூடாது

ஆப்பிளைத் தின்று முடித்ததும் நடுவில் நாலைந்து விதை பளபளவென்று பழுப்பாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து "இதை நட்டால் என்ன?" என்று ஒரு தடவையாவது நினைக்காதவர்கள் குறைவு. நடலாம். முளைக்கும், மரமும் ஆகும். ஆனால் மண்ணில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எட்டு வருடம் கழித்து என்னைத்தான் திட்டுவீர்கள். நீங்கள் தின்ற அந்தப் பழம் அந்த விதையிலிருந்து வராது.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பதெல்லாம் ஆப்பிளிடம் செல்லாது. ஆப்பிள் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது, தன் ரகத்தைச் சேர்ந்த பக்கத்து மரத்தின் மகரந்தத்தையும் ஏற்காது. வேறொரு ரகத்திலிருந்து தேனீ கொண்டுவருவதுதான் அதற்கு வேண்டும். பழத்தின் சதை முழுக்கத் தாய் மரத்துடையது, அதனால் எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் பழம் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இருக்கிற விதைதான் கலப்பு. அதிலும் ஒரே பழத்துக்குள் இருக்கும் விதைகளுக்குத் தகப்பன் வேறு வேறாக இருக்கலாம், தாயிடமிருந்து வந்த பங்கும் விதைக்கு விதை மாறும். ஒரு பழத்தின் எட்டு விதையை நட்டால் எட்டு விதமான மரம் வரும், எட்டுமே தாயைப் போல இருக்காது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். பேர் வாங்கிய பல ரகங்கள் இப்படித் தற்செயலாக முளைத்த கன்றுகள்தான். கிரானி ஸ்மித் ஆஸ்திரேலியாவில் மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணியின் தோட்டத்தில் 1868 வாக்கில் தானாக முளைத்தது. இங்கிலாந்தின் பிராம்லி, 1809-ல் ஒரு சிறுமி தொட்டியில் போட்ட விதையிலிருந்து வந்தது. இன்று கடையில் கிடைக்கும் ஒவ்வொரு கிரானி ஸ்மித்தும் அந்த முதல் மரத்தின் குச்சியை வெட்டி ஒட்டி, அதிலிருந்து வெட்டி மறுபடி ஒட்டி வந்ததுதான், விதையில் வந்ததே இல்லை. அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. புது ரகம் உருவாக்குகிறவர்கள் ஆயிரக்கணக்கான கன்றுகளை வளர்த்துப் பார்த்து ஒன்றிரண்டைத்தான் வைத்துக்கொள்கிறார்கள், மிச்சமெல்லாம் புளிப்பு, துவர்ப்பு, அல்லது சிறிய காய் என்று கழித்துவிடுகிறார்கள். உங்கள் கன்றும் அந்தச் சீட்டுக்கட்டிலிருந்து உருவிய ஒரு சீட்டுதான். அதனால் நான் சொல்லும் வழி இது. ஏழெட்டு விதை போடுங்கள், ஒன்றிரண்டைத் தன் போக்கில் வளரவிடுங்கள், மிச்சத்தில் நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டுங்கள். சீட்டாட்டமும் ஆச்சு, சாப்பிடப் பழமும் ஆச்சு.

குளிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

விதைக்குக் குளிர் வேண்டும், மரத்துக்கும் குளிர் வேண்டும், இரண்டும் வேறு வேறு கணக்கு. விதைக்கு வேண்டியதை ஃப்ரிட்ஜ் கொடுத்துவிடும். மரத்தை ஃப்ரிட்ஜில் வைக்க முடியாதே. பெரும்பாலான ரகங்கள் குளிர்காலத்தில் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரம் கழித்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காக மொட்டுவிட்டுப் பூக்கும். அது கிடைக்காத வெப்பமான இடத்தில் செடி செத்துப்போகாது, இலை விடும், வளரவும் செய்யும், ஆனால் பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும், அல்லது வரவே வராது. அன்னா, டார்செட் கோல்டன் போன்ற ரகங்களுக்கு 200, 300 மணி நேரம் குளிர் போதும். குளிர் குறைந்த இடத்தில் இருப்பவர்கள் அந்த ரகப் பழத்தின் விதை கிடைத்தால் அதையே போடுங்கள், பிள்ளைக்கும் அந்தக் குணம் வர வாய்ப்பு கூடுதல். இல்லாவிட்டால் இலைக்காக ஒரு அழகுச் செடி வளர்க்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு ஆரம்பியுங்கள், அதுவும் தப்பில்லை.

விதையை எடுத்துக் குளிரில் வைப்பது

நன்றாகப் பழுத்த பழமாக எடுங்கள். கரும்பழுப்பு நிறத்தில் பருத்து இருக்கும் விதைதான் வேண்டும். வெளுத்தது, தட்டையானது, சுருங்கியது எல்லாம் குப்பைக்கு. ஜோனகோல்ட், முட்சு போன்ற ரகங்களில் இயல்பிலேயே குரோமோசோம் மூன்று தொகுதி இருக்கும், அவற்றின் விதை பெரும்பாலும் சொத்தையாக இருக்கும், அவற்றை விட்டுவிடலாம். விதையில் ஒட்டிய சதையைக் கழுவி எடுத்து, ராத்திரி தண்ணீரில் ஊறப் போடுங்கள், காலையில் மிதப்பவற்றைக் கழித்துவிடுங்கள். இது நூற்றுக்கு நூறு சரியான சோதனை இல்லை, ஆனாலும் ஒரு வடிகட்டல். (விதையை மென்றால் சயனைடு வெளிவரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், அதில் அமிக்டலின் இருக்கிறது. தவறி ஒன்றிரண்டை முழுசாக விழுங்கினால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கை நிறைய சேர்த்துவைத்த விதையைக் குழந்தைகளுக்கு எட்டும்படி வைக்காதீர்கள்.)

இந்த விதையை அப்படியே மண்ணில் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. காரணம் எளிது. ஆப்பிள் பழம் இலையுதிர் காலத்தில் கீழே விழுகிறது; உடனே முளைத்தால் பின்னாலேயே வரும் பனியில் பிஞ்சுச் செடி கருகிவிடும். அதனால் விதை தனக்குள் ஒரு பூட்டு போட்டுக்கொண்டு தூங்குகிறது, ஈரத்தோடு கூடிய நீண்ட குளிரை அனுபவித்த பிறகுதான் பூட்டு திறக்கும். ஈரம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த விதையைக் காகிதத்தில் மடித்து ஃப்ரிட்ஜில் ஒரு வருடம் வைத்தாலும் பயனில்லை.

செய்முறை இவ்வளவுதான். டிஷ்யூ பேப்பரையோ, கழுவிய மணலையோ, தேங்காய் நார்த்தூளையோ நனைத்துக் கையால் பிழியுங்கள், ஒரு சொட்டும் வடியாத அளவுக்குப் பிழியுங்கள். விதைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அதில் வைத்து மூடி, ஜிப் பையில் போட்டுக் கொஞ்சம் காற்றும் இருக்கும்படி மூடி, மேலே தேதி எழுதி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். 3 முதல் 5 டிகிரி சரியான வெப்பநிலை. ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். 70 முதல் 90 நாள் ஆகும். பத்து நாளுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள், பூஞ்சை தெரிந்தால் விதையைக் கழுவிப் புதுக் காகிதத்துக்கு மாற்றுங்கள், அழுகியதை எடுத்து எறியுங்கள்.

முதல் தடவை நான் காகிதத்தைச் சொட்டச் சொட்ட நனைத்து வைத்தேன், மொத்தமும் கருத்துக் கூழாகிவிட்டது. இரண்டாம் தடவை காகிதம் சரியாக இருந்தது, ஆனால் பையை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் தள்ளி மறந்துவிட்டேன். ஞாபகம் வந்து எடுத்தபோது வெள்ளை வேர்கள் விரல் நீளத்துக்கு வளர்ந்து காகிதத்துக்குள் பின்னிக் கிடந்தன, பிரித்தெடுக்கும்போது பாதி ஒடிந்துபோயின. சில விதை 60 நாளிலேயே முளைவேர் நீட்டும், சில மூன்று மாதம் தாண்டியும் சும்மா இருக்கும். முளைத்ததை மட்டும் எடுத்து நட்டுவிட்டு மிச்சத்தை மறுபடி உள்ளே வையுங்கள், அவசரம் வேண்டாம். நீண்ட நாள் குளிர்ப்பதனக் கிடங்கில் இருந்து வந்த பழமாக இருந்தால் உள்ளேயே விதை முளைவிட்டிருப்பதைக் கூடச் சில சமயம் பார்க்கலாம், அதை நேராகத் தொட்டியில் வைக்கலாம்.

குளிர்காலம் கடுமையாக இருக்கும் இடத்தில் இந்த ஃப்ரிட்ஜ் வேலையே தேவையில்லை. இலையுதிர் காலத்தில் வெளியே தொட்டியிலோ பாத்தியிலோ விதைத்துவிட்டு, எலி தோண்டாமல் மேலே கம்பி வலை போட்டு விட்டால் வசந்தத்தில் தானாக எழும்.

தொட்டியில் முதல் வருடம்

ஆப்பிள் நாற்று முதலில் கீழே ஆணிவேரை இறக்கும், அதனால் அகலத்தைவிட ஆழம் முக்கியம், 20 செ.மீ.க்குக் குறையாத தொட்டி, அடியில் நல்ல ஓட்டைகள். தோட்ட மண், நார்த்தூள், கொஞ்சம் மக்கிய உரம் கலந்தால் போதும். முளைவேர் கீழே பார்க்கும்படி ஒரு செ.மீ., அல்லது ஒன்றரை செ.மீ. ஆழத்தில் வையுங்கள். 18, 20 டிகிரி சூடு அதற்குப் பிடிக்கும். முளைக்காத விதையைச் சூடான ஜன்னல் ஓரத்தில் வைத்தால் சீக்கிரம் வரும் என்று நினைப்பது தப்பு, அதிகச் சூட்டில் ஆப்பிள் விதை மறுபடியும் தூக்கத்துக்குப் போய்விடும், பிறகு மறுபடி குளிரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் வழவழப்பான இரண்டு வித்திலை, அப்புறம் ஓரத்தில் பல் வைத்த நிஜ இலைகள். இந்தக் கட்டத்தில் சாகிற நாற்றுகளில் பெரும்பாலானவை தண்ணீராலேயே சாகின்றன. மண் எப்போதும் சொதசொதவென்று இருந்து காற்றோட்டமும் இல்லாவிட்டால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து ஒரே நாளில் சாய்ந்துவிடும், இதுதான் நாற்றழுகல். சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள், முடிந்தால் தொட்டியைத் தட்டில் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுங்கள். உரம் அவசரமே இல்லை, ஐந்தாறு நிஜ இலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெயிலுக்கு ஒரே நாளில் தள்ளாமல் ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

தண்டில் முள் மாதிரி குட்டையான கிளைகள் வந்தால் "இது என்ன காட்டுச்செடியா?" என்று பயப்படாதீர்கள், விதையிலிருந்து வரும் இளம் ஆப்பிள் அப்படித்தான் இருக்கும், வயதானால் மாறும். குளிர்காலம் வந்ததும் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. பாவம் குளிருமே என்று வீட்டுக்குள் சூடாக வைக்காதீர்கள், அந்தத் தூக்கம் அதற்கு வேண்டும்.

நிலத்துக்கு மாற்றுவது

விதையில் வளர்ந்த மரத்துக்குக் குட்டை வேர்ச்செடி (மேலே ஒட்டும் மரத்தைக் குள்ளமாக வைத்திருக்கும் அடிச்செடி) கிடையாது, அது தன் முழு உயரத்துக்குப் போகும், 6 முதல் 9 மீட்டர் வரை. இதை நினைவில் வைத்து இடம் பாருங்கள், சுவரிலிருந்தும் இன்னொரு மரத்திலிருந்தும் ஏழெட்டு மீட்டர் தள்ளி. தொட்டியிலேயே காலம் முழுக்க வைத்துக் காய்க்க வைக்கலாம் என்ற ஆசை விதைச்செடியில் அநேகமாக நடக்காது.

தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மண்ணின் அமிலத்தன்மை அளவு (pH) 6-க்கும் 7-க்கும் நடுவில் இருப்பது நல்லது. இவற்றைவிட முக்கியம் வடிகால். ஒன்றரை அடி குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள், மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது மேடு கட்டி நடுங்கள். இலை கொட்டித் தூங்கும் காலம்தான் மாற்ற ஏற்றது. குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் தொட்டி மண்ணின் உயரத்துக்கு மேல் வேண்டாம், வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வேரைப் பிரித்துவிடுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். குழிக்குள் உரத்தைக் கொட்டாதீர்கள். மேலே மூடாக்கு (காய்ந்த இலை, வைக்கோல் போன்றவை) போடுங்கள், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. தண்டோடு ஒட்டிய ஈரமான மூடாக்கு பட்டையை அழுகவைக்கும், எலிக்கும் அது சௌகரியமான வீடு. முதல் இரண்டு வருடம் சுற்றிலும் ஒரு மீட்டருக்குப் புல் இல்லாமல் வைத்து, மழை இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை நிதானமாக ஆழம் வரை இறங்கும்படி தண்ணீர் விடுங்கள். தினம் ஒரு செம்பு தெளிப்பதால் வேர் மேலேயே நின்றுவிடும்.

காத்திருக்கும் வருடங்கள்

விதை மரம் பூக்க 6 முதல் 10 வருடம் ஆகும். செடிக்கு ஒரு இளமைப் பருவம் இருக்கிறது, அது முடியும் வரை என்ன கெஞ்சினாலும் பூக்காது. அதை நீட்டிவிடும் இரண்டு தவறுகளைத்தான் ஆர்வக் கோளாறில் எல்லோரும் செய்கிறோம். ஒன்று, அழகாக வளரட்டும் என்று வருடாவருடம் ஒட்ட வெட்டுவது. இரண்டு, தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடுவது. இரண்டுமே இலையும் தடியும் கொடுக்கும், பூ கொடுக்காது. முதல் நாலைந்து வருடம் கவாத்து என்றால் செத்த கிளை, ஒடிந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, அவ்வளவோடு நிறுத்துங்கள். வெட்டுவது குளிர்காலத்தில், கிளையின் அடியில் இருக்கும் சின்ன வளையத்தை விட்டு வெட்டுங்கள், தண்டோடு வழித்து வெட்டினால் காயம் ஆறாது. வெட்டிய இடத்தில் பெயிண்ட் எதுவும் பூச வேண்டியதில்லை.

செங்குத்தாக நிற்கும் இளம் கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கை நிலைக்குக் கொஞ்சம் இறக்கி விடுவது பூவைச் சீக்கிரம் கொண்டுவர உதவும். மேலே நிமிர்ந்த கிளை உயரத்தான் பார்க்கும், படுத்த கிளை பூமொட்டு கட்டும். அதைவிடச் சீக்கிரமாகப் பழத்தைப் பார்க்க வேண்டுமென்றால், மூன்று நாலு வருடம் ஆன கன்றின் உச்சியிலிருந்து ஒரு குச்சி வெட்டி எம்.9 போன்ற குட்டை வேர்ச்செடியில் ஒட்டுங்கள். புது ரகம் தேடுகிறவர்கள் செய்யும் வேலை இதுதான். உச்சியிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஏனென்றால் மரத்தின் கீழ்ப்பகுதி எத்தனை வயதானாலும் இளமையாகவே இருக்கும்.

ஒட்டுக்கட்டுதல்

இதைப் பெரிய வித்தையாக நினைக்க வேண்டாம், கத்தி கூர்மையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கன்று பென்சில் தடிமன் ஆனதும் செய்யலாம், பொதுவாக ஒன்றிரண்டு வருடத்தில் வந்துவிடும். நீங்கள் விரும்பும் ரகத்தின் மரத்திலிருந்து, கடந்த வருடம் வளர்ந்த குச்சியை, நடு குளிர்காலத்தில் அது தூங்கும்போது வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வசந்தம் தொடங்கி உங்கள் கன்றின் மொட்டு வீங்கும்போது, குச்சி இன்னும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதற்காகத்தான் ஃப்ரிட்ஜ்.

கன்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சாய்வாக ஒரே இழுப்பில் வெட்டுங்கள், மூன்று நாலு செ.மீ. நீளச் சாய்வு. குச்சியையும் அதே சாய்வில் வெட்டி, இரண்டு மூன்று மொட்டு மட்டும் விட்டு, இரண்டு முகத்திலும் நாக்கு மாதிரி ஒரு சிறு பிளவு கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். பட்டைக்கு அடியில் மெல்லிய பச்சைப் படலம் தெரியும், அதில்தான் உயிர் ஓடுகிறது. அந்தப் பச்சை ஒரு பக்கமாவது பச்சையோடு சேர்ந்தே ஆக வேண்டும். குச்சி சிறியதாக இருந்தால் நடுவில் வைத்து அழகு பார்க்காதீர்கள், ஒரு ஓரமாகத் தள்ளிச் சேருங்கள். ஒட்டு டேப்பால் இறுக்கிச் சுற்றி, குச்சியின் மேல் நுனியையும் மெழுகாலோ டேப்பாலோ மூடுங்கள், காய்ந்துபோவதுதான் எதிரி. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கன்று தன் பிள்ளைகளுக்கே சோறு போட்டு ஒட்டைப் பட்டினி போட்டுவிடும்.

பூவும் காயும்

பூத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் அதே சமயம் பூக்கும் வேறொரு ஆப்பிள் வேண்டும், சின்னக் காட்டு ஆப்பிளாக இருந்தாலும் சரி. பூ இருக்கும்போது பூச்சிமருந்து அடிக்கவே கூடாது, தேனீதான் இங்கே கூலி வாங்காத வேலையாள். காய் ஒரு பக்கம் கோணலாக இருந்தால் குறுக்கே வெட்டிப் பாருங்கள், அந்தப் பக்கத்து அறையில் விதை இருக்காது, மகரந்தம் சரியாக விழவில்லை என்று அர்த்தம்.

மரம் தானாகச் சில பிஞ்சுகளை உதிர்க்கும். அதற்கப்புறமும் கொத்துக்கு ஒன்று, ஒன்றுக்கொன்று 10 முதல் 15 செ.மீ. இடைவெளி என்று நீங்கள் கிள்ள வேண்டும். மனசு வராதுதான். கிள்ளாவிட்டால் இந்த வருடம் கோலிக்குண்டு மாதிரி நூறு காய், அடுத்த வருடம் ஒன்றுமில்லை என்று ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் காய்க்கும் பழக்கம் வந்துவிடும்.

நோய், பூச்சி பற்றிச் சுருக்கமாக: இலையிலும் காயிலும் கரும்பச்சைத் திட்டு வந்தால் ஸ்காப் பூஞ்சை, உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துவது அடுத்த வருடத்துக்குப் பெரிய உதவி. இளம் துளிரில் அசுவினி என்ற சின்னப் பூச்சி வந்தால் தண்ணீர் பீய்ச்சினாலே போகும், போகாவிட்டால் வேப்ப எண்ணெய். நெருப்பில் கருகிய மாதிரி கிளை நுனி கருத்து வளைந்தால் அது பாக்டீரியா கருகல். கருகிய இடத்துக்கு ஒரு அடி கீழே நல்ல பகுதியில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டியதை எரித்துவிடுங்கள்.

முதல் பழத்தைக் காயாகப் பறித்து "புளிக்குது" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். லேசாகத் தூக்கித் திருகினால் காம்போடு கையில் வர வேண்டும், உள்ளே விதை பழுப்பாகியிருக்க வேண்டும், அப்போதுதான் பழம். முதல் வருடப் பழத்தை வைத்தும் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று வருடம் பாருங்கள். புளிப்பாகவே இருந்தால் சமைக்க, சாறு பிழிய ஆகும், அல்லது அதன் கிளைகளில் வேறு ரகங்களை ஒட்டிவிடலாம், வேர் உங்களுடையது, அது வீணாகவில்லை. நன்றாக இருந்தால் பேர் வைக்கும் உரிமை உங்களுக்கு. ஆனால் பேரை யோசிப்பதற்கு முன்னால், அந்தக் குளிர்காலத்திலேயே நாலு குச்சி வெட்டி வேறு இரண்டு வேர்ச்செடியில் ஒட்டி வையுங்கள், ஏனென்றால் அந்த ஆப்பிள் காய்க்கும் மரம் உலகத்திலேயே உங்களிடம் இருக்கும் அது ஒன்றுதான்.